தேதி இல்லாத லீவு

ஜவளகிரி
1.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பிரவீனா எழுதுவது. இங்கே நான், அம்மா, வயிற்றுக்குள் இருப்பது, மூன்று பேரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் தெரியவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இத்தனை நாள் போனில் நீங்கள் பேசியதைக் கூட்டிப் பார்த்தால் 'சரி சரி', 'அப்புறம் பேசறேன்' இரண்டும்தான் தேறுகிறது. இங்கே சிக்னல் வேண்டுமென்றால் பால் சொசைட்டி வரை நடக்க வேண்டும். அங்கே நீங்கள் ஷிப்டுக்குப் போகும்போது போனை கேட் லாக்கரில் போட்டுவிடுகிறீர்கள். உங்கள் கம்பெனி பஸ் ஓட்டுகிற சாந்த் பாஷா அண்ணன் தினமும் எங்கள் ஊரிலிருந்துதான் வண்டியை எடுக்கிறார். கேட்டேன். "குடும்மா, அவன் கையிலயே குடுத்துட்றேன்" என்றார். இனி முக்கியமானதை எல்லாம் தாளில்தான் எழுதப் போகிறேன்.

போன வாரம் யுவஸ்ரீ வந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன் என்னோடு ஒயரிங் கம்பெனி லைனில் வேலை பார்த்தவள். குழந்தைக்கு ஆறு மாதம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன். ஏன் செய்தார்கள் என்று கேட்டேன். "தெரியல பிரவீனா. அவர கேட்டா, டாக்டர் சொன்னாங்க, கையெழுத்துப் போட்டேன்றாரு. டாக்டர கேட்டா, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டமேன்றாங்க. அறுத்தது என் வயித்த. எனக்கு மட்டுந்தான் தெரியல" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. அறுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை மாமா. வேண்டுமென்றால் அறுக்கட்டும். ஏன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் சரி என்ற பிறகு அறுக்கட்டும். எங்கள் ஊருக்கு வருகிற நர்ஸ் ஃபகருன்னிசா அக்காவிடம் இதைச் சொன்னேன். மூன்று கேள்வி கற்றுக் கொடுத்தார். "எதுக்கு இப்ப? கொஞ்சம் பொறுத்தா என்ன ஆவும்? வேற வழி இருக்குதா?" யார் எது செய்ய வந்தாலும் இந்த மூன்றையும் கேட்க வேண்டுமாம்.

பிரசவ ரூமுக்குள் என்னோடு அம்மா இருப்பாள். ஆம்பளைகளை விடமாட்டார்கள். ஆனால் கையெழுத்துத் தாள் வெளியேதான் வரும். வெளியே நீங்கள் இருக்க வேண்டும். என்னைக் கேட்காமல் போடக்கூடாது. இதற்கு 'சரி சரி' என்று பதில் எழுதினால் இங்கேயே இருந்துவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பிரவீனா


ஓசூர்
9.9.2024

அன்பு பிரவீனாவுக்கு,

மாதேஷ் எழுதிக்கொள்வது. நான் நலம். தினமும் சாப்பிடுகிறேன், நேற்று தவிர. அத்தைக்கும் என் விசாரிப்பைச் சொல். கால் வீக்கம் குறைந்ததா?

சாந்த் பாஷா அண்ணன் உன் கடிதத்தை கேன்டீன் வாசலில் வைத்து, "மாதேசு, உனக்கு லவ் லெட்டரு" என்று சத்தமாகக் கொடுத்தார். மொத்த லைனும் மூன்று நாளாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்த தடவை கவரை ஒட்டிக் கொடு.

மூன்று கேள்வியையும் படித்தேன். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. டாக்டரைப் பார்த்து இப்படியெல்லாம் கேட்டால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? கோபத்தில் சரியாகப் பார்க்காமல் விட்டால் என்ன செய்வது? பெரிய படிப்புப் படித்தவர்கள். நமக்கு என்ன தெரியும்? இதை எழுதும்போதே நீ முறைப்பது தெரிகிறது.

வெளியே நான் இருப்பேன். இதற்கு மட்டும் 'சரி சரி' இல்லை, சத்தியம். அதற்காக இன்றைக்கே எங்கள் இன்சார்ஜ் சுரேந்தர் சாரிடம் போனேன். லீவு பதினைந்து நாள் முன்னாலேயே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். "தேதி என்னப்பா?" என்றார். "நவம்பர் இருபத்தி நாலு, அத சுத்தி வரும் சார்" என்றேன். "சுத்தின்னு ஒரு தேதி கம்ப்யூட்டர்ல கெடையாதுப்பா" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. பார்க்கலாம்.

படி ஏறி இறங்காதே.

அன்புடன்
மாதேஷ்


ஜவளகிரி
16.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் நலம். கால் வீக்கம் காலையில் இல்லை, சாயங்காலம் இருக்கிறது. 'நேற்று தவிர' என்றீர்களே, அன்று ஏன் சாப்பிடவில்லை என்று நீங்கள் எழுதவே இல்லை.

டாக்டர் கோபிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் லைனில் ஒரு பீஸ் அடுத்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்றால் யார் பார்த்தது, எதற்கு மாற்றியது என்று எழுதிக் கையெழுத்து வேண்டும். மேலே சொன்னார்கள் என்று ஒரு போல்ட்டைக்கூட நீங்கள் மாற்ற மாட்டீர்கள். நான் போல்ட்டைவிடக் கேவலமா?

ஆனால் எனக்கும் குழப்பம்தான், மறைக்கவில்லை. பெரியம்மா, "ஆபரேசன்னா வலியே இல்ல, கேட்டு வாங்கிக்க" என்கிறார். அம்மா, "நாங்கல்லாம் பெக்கலியா" என்கிறாள். போனில் ஒரு டாக்டர் ஊசி போட்டு வலி வரவைப்பது நல்லது என்கிறார். அடுத்த வீடியோவில் இன்னொருவர் அது வேண்டாம் என்கிறார். பார்த்துப் பார்த்துத் தலை சுற்றுகிறது. ஃபகருன்னிசா அக்காவிடம் அழாத குறையாகக் கேட்டேன். "ஊசியும் தப்பில்லம்மா, கத்தியும் தப்பில்ல. அதது வேண்டிய நேரத்துக்கு வேணும். உங்கிட்ட சொல்லாம செய்யறதுதான் தப்பு" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அன்று சோறு இறங்கியது.

அக்கா எனக்கு ஒத்திகை வைத்தார். அம்மாதான் ஆஸ்பத்திரி நர்ஸ். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, "இது எதுக்குங்க?" என்று கேட்க வேண்டும். அம்மா இடுப்பில் கை வைத்து, "எதுக்கு எதுக்குன்னுகிட்டு, கால மடக்கிப் படு" என்று ஒரு அதட்டு அதட்டினாள். நான் நிஜமாகவே அழுதுவிட்டேன். அம்மா பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். ஐந்தாவது தடவைதான் அழாமல் முழுசாகக் கேட்டேன். நீங்களும் அங்கே கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள்: "அவங்கள கேட்டுட்டுத்தான் போடுவேன்." யாரும் பார்க்க மாட்டார்கள்.

லீவு என்ன ஆயிற்று?

உங்கள்
பிரவீனா


ஓசூர்
12.10.2024

அன்பு பிரவீனாவுக்கு,

நலம்தானே? நான் நலம். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. ஓவர்டைம், அப்புறம் ஆயுத பூஜை வேலை. உன்னை மறந்துபோய் அல்ல.

இந்த வருஷம் எங்கள் ஷெட்டுக்கு நல்ல பூஜை. மிஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, ஃபோர்க்லிப்டுக்குச் சாமந்தி மாலை போட்டு, திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தோம். சுரேந்தர் சார் வேட்டி கட்டி வந்தார், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஸ்வீட் பாக்ஸும் ஒரு எவர்சில்வர் பாத்திரமும் கொடுத்தார்கள். பாத்திரம் உனக்குப் பிடிக்கும், மூடி போட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் போய் வந்தேன். ரூம் விஷயமாக. டாக்டரம்மாவைப் பார்த்தேன். நல்ல மாதிரி. நீ பயப்படுகிற மாதிரி எல்லாம் இல்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

லீவு கிடைத்துவிட்டது. இனி அதைப் பற்றிக் கவலைப்படாதே. நான் உன்னோடு இருப்பேன்.

தீபாவளிக்கு வருகிறேன். அத்தைக்கு என்ன கலரில் சேலை எடுக்கட்டும்?

அன்புடன்
மாதேஷ்


ஜவளகிரி
16.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். லீவு கிடைத்தது என்று படித்தவுடன் வயிற்றில் கை வைத்து, "உங்கப்பா வர்றாரு" என்று சொன்னேன். உதைத்தது. உங்கள் குழந்தைதான், சந்தேகம் இல்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. சுத்தி என்று ஒரு தேதி கம்ப்யூட்டரில் இல்லை என்றவர் இப்போது எந்தத் தேதியைப் போட்டுக் கொடுத்தார்? நீங்கள் வரும்போது சொல்லுங்கள்.

அம்மாவுக்குப் பச்சை வேண்டாம், மூன்று இருக்கிறது.

உங்கள்
பிரவீனா


ஜவளகிரி
5.11.2024

மாமாவுக்கு,

இன்றைக்குச் சுகம் விசாரித்து எழுத மனம் வரவில்லை.

தீபாவளிக்கு வந்தீர்கள். ஒரு பகல் முழுக்க இருந்தீர்கள். அம்மாவுக்கு மாம்பழ மஞ்சளில் சேலை, எனக்கு இரண்டு நைட்டி, பாப்பாவுக்குத் தொப்பி. லீவைப் பற்றி இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை முறுக்கு கேட்டீர்கள். இரண்டாவது தடவை பைக்கைத் துடைக்கப் போனீர்கள்.

இன்று பால் சொசைட்டி பக்கம் நடந்து போனேன். போனில் ஒரு மெசேஜ். உங்கள் கம்பெனி இன்சூரன்ஸிலிருந்து. இங்கிலீஷ். என் பேர் தெரிந்தது, தேதி தெரிந்தது, மீதி அரைகுறையாகப் புரிந்தது. நான் தப்பாகப் படிக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஃபகருன்னிசா அக்காவிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். "பதினெட்டாந்தேதி ஆபரேசனுக்கு பர்மிசன் குடுத்திருக்காங்க. நீதான கேட்ட?" என்றார். "நான் கேக்கலக்கா" என்றேன். அப்புறம் அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

குழந்தைக்கு ஏதாவது இருக்கிறதா? டாக்டர் உங்களிடம் எதையாவது சொல்லி, நீங்கள் என்னிடம் மறைக்கிறீர்களா? அப்படி இருந்தால் சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். அப்படி இல்லை என்றால் இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அழுது அழுது யோசித்தும் தெரியவில்லை.

நாளைக்கே பதில் வேண்டும். சாந்த் பாஷா அண்ணனிடம் கையோடு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

பிரவீனா


ஓசூர்
6.11.2024

அன்பு பிரவீனாவுக்கு,

குழந்தை நன்றாக இருக்கிறது. அதைத்தான் முதலில் எழுத வேண்டும். ஸ்கேனில் எல்லாம் சரி, டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. சாந்த் பாஷா அண்ணன் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், அவர் வெளியே நிற்கிறார்.

நான்தான் கேட்டேன். தேதி இல்லாமல் லீவு இல்லை. நாலு தடவை போய் நின்றேன். கடைசியில் சுரேந்தர் சார், "ஆபரேசன்னா தேதி கெடைக்கும்ல, வாங்கிட்டு வாப்பா, இப்பவே போட்டுத் தர்றேன்" என்றார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பட்டன் அமுங்காது.

ஆஸ்பத்திரிக்குப் போய், பதினெட்டாம் தேதி முடியுமா என்று கேட்டேன். டாக்டரம்மா, "அவங்களுக்கும் சம்மதம்தானே?" என்றார். "ஆமாங்க மேடம், அவங்கதான் கேட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த வாக்கியம் எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. வெளியே வந்து பைக் சாவியை எங்கே வைத்தேன் என்று அரை மணி நேரம் தேடினேன். சட்டைப் பையிலேயே இருந்தது.

அப்பா போனது உனக்குத் தெரியும். எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொன்னதில்லை. அவர் காலை ஒன்பது மணிக்குப் போனார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்தேன். பதினேழு மிஸ்டு கால். அவர் செத்துப்போன பிறகும் நாலு மணி நேரம் நான் சிரித்துப் பேசி போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை அப்படி நான் நிற்க மாட்டேன் பிரவீனா. எப்படியாவது உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அதற்கு உன் வயிற்றைத் தேதி போட்டுக் கொடுத்துவிட்டேன் என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. முன்னாலேயே தெரிந்திருக்குமோ என்னவோ. தெரிந்ததால்தான் பைக்கைத் துடைக்கப் போனேன் போல.

அண்ணன் ஹாரன் அடிக்கிறார்.

மாதேஷ்


ஜவளகிரி
9.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்பு சுகம். மனசு இல்லை.

உங்கள் மேல் கோபப்படுவதா, உங்கள் அப்பாவை நினைத்து உங்களுக்காக அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். முதலில் கோபம்.

யுவஸ்ரீ வீட்டுக்காரராவது ஒரு மணி நேர அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். உங்களுக்கு ஒரு மாதம் இருந்தது. இடையில் எனக்கு மூடி போட்ட பாத்திரத்தைப் பற்றி எழுதினீர்கள்.

இன்று நானே டாக்டருக்குப் போன் செய்தேன். அக்கா பக்கத்தில் நின்றார். "உங்க வீட்டுக்காரர் நீங்க கேட்டதா சொன்னாரேம்மா" என்றார். "நான் கேக்கல மேடம். எதுக்கு இப்ப? கொஞ்சம் பொறுத்தா என்ன ஆவும்?" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஒண்ணும் ஆவாதும்மா. குழந்தை நல்லா இருக்கு. தானா வலி வரட்டும். தேதி தாண்டி ஒரு வாரம் போனா பேசிக்கலாம்" என்றார். இவ்வளவுதான் மாமா. இரண்டு நிமிஷம் ஆயிற்று. அதற்குப் போய் நான் இரண்டரை மாதமாகப் பயந்தேன்.

பதினெட்டாம் தேதி வரமாட்டேன். உங்கள் லீவு என்ன ஆகும் என்று தெரியும். நீங்கள் வெளியே இல்லாமல் போனால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். இருந்தாலும் வரமாட்டேன்.

ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

பிரவீனா


ஓசூர்
14.11.2024

பிரவீனாவுக்கு,

நலம். லீவை ரத்து செய்துவிட்டேன். திரும்ப இந்த மாதம் கேட்காதே என்று சொல்லிவிட்டார்கள். வெளியே இருப்பேன் என்று சத்தியம் செய்தேன். இப்போது அது என் கையில் இல்லை.

மன்னிப்பு என்று எழுதினால் சின்ன வார்த்தையாக இருக்கிறது.

மாதேஷ்


ஜவளகிரி
15.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். தையல் ஆறிவிட்டது. இருமினால் மட்டும் தெரிகிறது. பாப்பா பகலெல்லாம் தூங்குகிறாள். அம்மா அவளுக்கு வசம்பு வளையல் போட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு நாளும் ஆள் மாற்றி ஆள் இருந்தார்கள். உங்களிடம் எதையும் சொல்ல முடியவில்லை. இருபத்தி ஆறாம் தேதி உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் வலி. பத்து மணிக்கு 108 வண்டியில் ஓசூர் வந்துவிட்டோம். ஒரு நர்ஸ் பாட்டிலை மாட்ட வந்தார். "இது எதுக்குங்க?" என்றேன். "குளுக்கோஸ்தாம்மா" என்றார். "வலி வர்ற மருந்து கலந்திருக்குதா?" என்றேன். "இல்லம்மா, இருந்தா சொல்ல மாட்டனா?" என்றார். அம்மா என் கையை அமுக்கினாள். எனக்கு ஒரு பரீட்சை பாஸான மாதிரி இருந்தது.

மூன்றரை மணி சுமாருக்கு டாக்டர் வந்து, என் வயிற்றில் பட்டை கட்டி மாட்டியிருந்த மிஷினின் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் என்றார். மாமா, இரண்டு மாதத்துக்கு மேல் ஒத்திகை பார்த்தவளுக்கு மூன்று கேள்வியில் இரண்டு மறந்துபோயிற்று. "எதுக்கு?" என்பது மட்டும்தான் வந்தது. அவர் மிஷின் சத்தத்தைக் கூட்டினார். "இது பாப்பா நெஞ்சு. வலி வர்றப்போ எறங்குது பாரு, திரும்ப ஏற மாட்டேங்குது. தண்ணியும் பச்சையா போவுது. அதான்" என்றார். எனக்கே கேட்டது. "பொறுத்தா?" என்றேன். "நான் பொறுக்க மாட்டேன்மா" என்றார். "செய்யுங்க" என்றேன். அம்மாவை மருந்து வாங்க அனுப்பினார்கள். தாளில் நானே கையெழுத்துப் போட்டேன். என் பேரில் பாதிதான் கோட்டின் மேல் இருக்கும்.

நீங்கள் கேட்ட மாதிரி ஆபரேஷனும் நடந்தது, நான் கேட்ட மாதிரி என்னைக் கேட்டும் நடந்தது. இதில் யார் ஜெயித்தது என்று படுத்துக்கொண்டே யோசிக்கிறேன்.

இப்போது உங்களிடம் இரண்டு கேள்வி. அன்றைக்கு நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள்? ஐந்தரைக்கு வந்தீர்கள் என்று அம்மா சொல்கிறாள். அப்புறம், இதுவரை இரண்டு ஞாயிறு இங்கே வந்தீர்கள். தொட்டில் பக்கம் நின்று பார்த்தீர்கள். அவளைத் தூக்கவே இல்லை. பெண் என்பதாலா? அப்படி இருந்தால் அதையும் தாளில் எழுதிவிடுங்கள்.

உங்கள்
பிரவீனா


ஓசூர்
5.1.2025

அன்பு பிரவீனாவுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். உன் கடிதம் வந்து மூன்று வாரம் சட்டைப் பையில் இருந்தது. இதற்கு முன் ஐந்து தாள் எழுதிக் கிழித்தேன்.

பெண் என்பதால் இல்லை. தொட்டில் பக்கம் நின்று அவள் விரல்களை இரண்டு தடவை எண்ணினேன். அதை நீ நம்ப வேண்டும்.

நான் ஐந்தரைக்கு வரவில்லை. மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டேன். அத்தை சாந்த் பாஷா அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார். அவர் செக்யூரிட்டியோடு சண்டை போட்டு உள்ளே வந்து, "மாதேசு, உன் சம்சாரத்த சேத்துட்டாங்கடா" என்றார். கையுறையோடு அப்படியே கிளம்பிவிட்டேன். அதற்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள், போகட்டும்.

மாடியில் கதவுக்கு வெளியே நின்றேன். அத்தையைக் காணோம். ஒரு நர்ஸ் வேகமாக வந்து, "பிரவீனா வீட்டுக்காரரா? இதுல கையெழுத்துப் போடுங்க, ஆபரேசன்" என்றார். எனக்கு உன் முகம்தான் வந்தது. ஒரு தடவை கேட்காமல் செய்தவன் நான். "அவங்கள கேட்டுட்டுத்தாங்க போடுவேன்" என்றேன். "அய்யோ, நீங்க போட்டாத்தான் தியேட்டருக்குள்ளயே எடுத்துட்டுப் போவாங்க, என்னாத்துக்கு லேட் பண்றீங்க?" என்றார். நான் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அவர் திட்டிக்கொண்டே உள்ளே போனார். திரும்பி வரவே இல்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் போயிருந்தது.

அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இன்னொரு படி வழியாக இறங்கி பைக் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தரைக்குத்தான் மறுபடி மாடிக்கு வந்தேன். குழந்தைக்கு மூச்சுத் திணறல், பச்சைக் குழந்தை வார்டில் வைத்திருக்கிறார்கள் என்று அத்தை சொன்னார். இரண்டு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அது என் பத்து நிமிஷம் பிரவீனா. என்னால் வந்தது.

முதல் தடவை உன்னைக் கேட்காமல் தேதி போட்டது தப்பு, அது தெரியும். இரண்டாவது தடவை உன்னைக் கேட்காமல் போடமாட்டேன் என்றேன். அது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. எந்தக் கையால் அவளைத் தூக்குவேன்?

மாதேஷ்


ஜவளகிரி
8.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் சுகம், முக்கியமாக உங்கள் மகள். இன்று புதன்கிழமை, ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்டார்கள். நாலு கிலோ முன்னூறு. ஊருக்கே கேட்கும்படி அழுதாள். மூச்சில் ஒரு குறையும் இல்லை.

நீங்கள் எழுதியதை ஃபகருன்னிசா அக்காவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். நீங்கள் வெட்கப்பட்டாலும் சரி. அவள் வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டாளாம், மூச்சுத் திணறல் அதனால்தானாம். நீங்கள் மாடி ஏறுவதற்கு முன்பே தண்ணீர் பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது. குழந்தை டாக்டரும் ஆஸ்பத்திரியில் இதையேதான் சொன்னார், நீங்கள் கண்ணாடி ஓரம் நின்றுகொண்டு காதில் வாங்கவில்லை. உங்கள் பத்து நிமிஷத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. உங்களிடம் தாள் வந்தபோது நான் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, தியேட்டர் மேசை மேலேயே இருந்தேன். அந்த நர்ஸ் வெளியே நிற்கிற எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லுவார் போல.

நானும் ஒன்றை மறைத்தேன். நீங்கள் வெளியே இருந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் இப்படி ஒரு பாரத்தைச் சுமக்கிறீர்கள் என்று தெரிந்திருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டேன்.

முதுகில் ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே யாருடைய உடம்போ மாதிரி இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்தவள்தான், ஆனாலும் அங்கே படுத்தவுடன் எல்லாம் என் கையை விட்டுப் போன மாதிரி பயம் வந்துவிட்டது. அப்போது அந்த நர்ஸ் உள்ளே வந்து, "மேடம், வெளில அந்த ஆளு கையெழுத்துப் போட மாட்டேன்றாரு. அவங்கள கேட்டுட்டுத்தான் போடுவாராம்" என்றார். மயக்க மருந்து கொடுத்தவர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. திரைக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்து, "என்னம்மா, செய்யட்டுமா?" என்று இன்னொரு தடவை கேட்டார். "செய்யுங்க மேடம்" என்றேன். அதற்கப்புறம்தான் கத்தியைக் கேட்டு வாங்கினார்.

இரண்டாவது தடவை என்னைக் கேட்டது உங்களால்தான் மாமா. அப்போது என் பயம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அவளைக் கையில் கொடுக்கிறேன். தலையை மட்டும் தாங்கிப் பிடிக்க வேண்டும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

உங்கள்
பிரவீனா